தராய் மூடுபனியில அக்கா வீடு: ஒன்பது நாள்

நாள் 1, புதன். காத்மாண்டு

அக்காவும் அத்தானும் நேபாளம் போய் எட்டு வருசம் ஆச்சு, நான் இப்பதான் முதல் தடவையா கிளம்பி வந்திருக்கேன். பாங்க்ல லீவு கிடைக்கவே பெரிய பாடு. பாளையங்கோட்டையிலேர்ந்து நேத்து ராத்திரி ரயில், சென்னையில ஃப்ளைட், டெல்லியில மாறி, காத்மாண்டு மேல வந்து மூடுபனியால முக்கால் மணி நேரம் சுத்திட்டுதான் இறங்கினோம். பாஸ்போர்ட் இல்லாட்டியும் பரவால்ல, வோட்டர் ஐடி போதும், விசா கிடையாது. போன் தானா கால் மணி நேரம் முன்னாடி ஓடிருச்சு, நம்ம நேரத்தை விட இங்க 15 நிமிசம் கூட. நம்ம நூறு ரூபாய்க்கு இவங்க காசு நூத்தி அறுபது.

பெட்டியில என் துணி கொஞ்சம்தான். மீதி எல்லாம் இட்லி அரிசி, புளி, கருப்பட்டி, பெருங்காயம், அம்மா இடிச்சுக் கொடுத்த மிளகாத் தூள். அதோட சபை செயலாளர் ஐயா ஒரு வேலையும் கொடுத்து விட்டிருக்காங்க. "ஊழியத்தோட பலன் என்னன்னு ஒரு எண்ணிக்கை வாங்கிட்டு வாம்மா, மிஷனரி ஞாயிறுல வாசிக்கணும்"னு. அக்கா, அத்தானால எத்தனை பேர் கிறிஸ்தவங்களா மாறினாங்கன்னு கணக்கு கேக்காங்க. சரிங்கய்யான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அக்கா இருக்கிற ஆஸ்பத்திரி பேரையும் ஊர் பேரையும் எழுத மாட்டேன், அவ கேட்டுக்கிட்டா. ஏன்னு நாள் 4ல சொல்றேன். தொழுநோய் ஆஸ்பத்திரி, தெற்கே தராய் சமவெளியில, பீகார் எல்லை பக்கம். அத்தான் சர்ஜன், அக்கா பிசியோ, ரெண்டு பேரும் வேலூர்ல படிச்சவங்க.

நாள் 2, வியாழன். ரோடு

காலையில அஞ்சு மணிக்கு சுமோ ஜீப்ல ஏறினேன், பத்து பேர், நான் கடைசி சீட்டு. இந்த ரோடுக்கு பி.பி. ஹைவேன்னு பேரு, தேர்தல்ல ஜெயிச்சு வந்த முதல் பிரதமர் பி.பி. கொய்ராலா பேர்ல, ஜப்பான்காரங்க உதவியில 2015ல முடிச்சாங்க. ஒரு பஸ்ஸும் ஒரு ஜீப்பும் உரசாம போறதே பெருசு, அவ்ளோ ஒடுக்கம், வளைஞ்சு வளைஞ்சு போகுது. 2024 செப்டம்பர் வெள்ளத்துல ரோசி ஆறு ரோட்டை துண்டு துண்டா அடிச்சிட்டுப் போயிருச்சு, அந்த இடத்துல எல்லாம் ஜீப் ஆத்துக்குள்ளயே இறங்கி கூழாங்கல்லு மேல குலுங்கிக்கிட்டு ஊர்ந்துச்சு. எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்த ஆத்தா ஒரு கவர்ல வாந்தி எடுத்துட்டு, இன்னொரு கவரை எனக்கு நீட்டினாங்க. வாங்கி வச்சுக்கிட்டேன், அரை மணி நேரத்துல உதவுச்சு.

சிந்துலி கிட்ட ஜூனார்னு ஒரு பழம், சாத்துக்குடி மாதிரி ஆனா ரொம்ப இனிப்பு, ரோட்டோரம் குவிச்சு விக்கிறாங்க. மேல ஒரு கோட்டை இருக்கு, 1767ல கேப்டன் கின்லாக்ங்கிற வெள்ளைக்காரன் படையோட வந்து கூர்க்கா படைகிட்ட தோத்து ஓடினது அங்கதான்னு டிரைவர் கை காட்டினார். இறங்கிப் பாக்க நேரமில்ல.

பர்திபாஸ்ல இறங்கறப்போ ஒரே வெள்ளைப் பனி, பத்தடிக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியல. அந்தப் பனிக்குள்ளேர்ந்து "சித்தி!"ன்னு ஒரு சத்தம். பதினொரு வயசுக்காரி, பெரியவ, குல்லா போட்டுக்கிட்டு ஓடி வர்றா. ஆட்டோக்காரர்கிட்ட அந்தப் பக்கத்து பாஷையான மைதிலியில பேரம் பேசி, அவர் ஏதோ சொல்ல இவ சிரிக்க, நான் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அக்கா வீட்டு வாசல்ல நின்னா. "என்னட்டி இப்படி மெலிஞ்சு போயிட்ட"ன்னா. அவதான் மெலிஞ்சிருக்கா.

நாள் 3, வெள்ளி. தொட்டி வரிசை

இன்னைக்கு நிறைய எழுதணும், எழுதாம தூக்கம் வராது.

ஆஸ்பத்திரின்னா மருந்து வாடை, ஸ்ட்ரெச்சர், சைரன்னு நினைச்சுக்கிட்டு போனேன். முதல்ல பாத்தது ஒரு நீளமான வராண்டா, சிமெண்ட் பெஞ்சு, பெஞ்சுக்கு முன்னாடி வரிசையா பிளாஸ்டிக் தொட்டி. இருவது பேர் இருப்பாங்க, ஆம்பளை பொம்பளை எல்லாரும் கால முக்கிக்கிட்டு உக்காந்து பேசிக்கிட்டு இருக்காங்க, ஏதோ கல்யாண வீட்டு முற்றம் மாதிரி. அரை மணி நேரம் கால் பச்சைத் தண்ணியில ஊறணும். அப்புறம் காய்ச்சுப்போன தோலை சொரசொரப்பான கல்லால தேச்சு எடுக்கணும், ஈரம் காயறதுக்குள்ள எண்ணெய் தடவணும், தண்ணி தோலுக்குள்ளயே நிக்கறதுக்கு. தொழுநோய் வந்தவங்களுக்கு பாதத்துல வேர்க்காது, வேர்வை நரம்பும் போயிருது. வேர்க்காத தோல் காஞ்சு வெடிக்கும், வெடிப்புல அழுக்கு போகும், வலிக்காது, வலிக்காததால நடந்துக்கிட்டே இருப்பாங்க, அப்படியே புண்ணு எலும்பு வரைக்கும் போயிருது. நான் இத்தனை வருசமா தொழுநோய் கிருமிதான் விரலைத் தின்னுதுன்னு நினைச்சேன். கிருமி நரம்பை மரத்துப்போக வைக்குது, மீதியை அடுப்பும் கல்லும் முள்ளும் பண்ணுது.

நோயை மாத்திரை குணமாக்கிரும்னு அக்கா சொன்னா. மூணு மருந்து சேந்த அட்டை, நோய் கம்மியா இருந்தா ஆறு மாசம், கூட இருந்தா ஒரு வருசம், உலகம் முழுக்க 1995லேர்ந்து உலக சுகாதார நிறுவனம் மூலமா இலவசம். மாத்திரை ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே அவங்ககிட்டேர்ந்து அடுத்தவங்களுக்குப் பரவறது நின்னுரும். நேபாளத்துல பத்தாயிரம் பேருக்கு ஒண்ணுக்கும் கீழ வந்துருச்சுன்னு 2010ல அறிவிச்சும் ஆச்சு. "ஆனா போன உணர்ச்சி திரும்பி வராதுட்டி. இந்த வராண்டாவுல இருக்கிறவங்க முக்காவாசிப் பேருக்கு நோயே கிடையாது, எப்பவோ குணமாயிட்டாங்க. குணமானதுக்கு அப்புறம்தான் எங்க வேலையே"ன்னா.

பத்து மணி வாக்குல ஒரு அம்மா வந்தாங்க, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், வீட்டுக்காரர் மலேசியாவுல கூலி வேலை. மாத்திரை முடிச்சு மூணு வருசம். முந்தானைக்குள்ள கையை மறைச்சு வச்சிருந்தாங்க. அக்கா கேக்கவே இல்ல, தன் கையை நீட்டிக்கிட்டு சும்மா காத்திருந்தா. கொஞ்ச நேரம் கழிச்சு அந்த அம்மா கையை எடுத்து அக்கா கை மேல வச்சாங்க. ஆள்காட்டி விரல்லயும் நடு விரல்லயும் முட்டை முட்டையா கொப்புளம், ஒண்ணு உடைஞ்சு உள்ள சிவப்பா தெரியுது. சூடான டீ டம்ளரைப் பிடிச்சிருக்காங்க, பிடிச்சுக்கிட்டே நின்னு பக்கத்து வீட்டு ஆளோட பேசிக்கிட்டு இருந்திருக்காங்க. மகதான் "அம்மா என்னமோ கருகுது"ன்னு சொன்னாளாம்.

"துக்யோ?"ன்னு அக்கா கேட்டா. வலிக்குதான்னு அர்த்தம். அந்த அம்மா தலையை ஆட்டினாங்க, "துக்தைன". வலிக்கல. சொல்லிட்டு அழுதாங்க. வலிக்கலைன்னு சொல்லி ஒருத்தங்க அழுததை நான் இதுக்கு முன்னாடி பாத்ததில்ல.

குளிர் காலத்துல இப்படி தினமும் வர்றாங்களாம். சூரியனே தெரியாம நாள் கணக்கா பனி, வீட்டுக்கு வீடு வைக்கோலும் எருவும் போட்டு தீ மூட்டி சுத்தி உக்காந்துக்கறாங்க, கூர்னு சொல்றாங்க அதை. மரத்த கால நெருப்புக்கிட்ட நீட்டிட்டு அப்படியே கதை பேசினா என்ன ஆகும். அக்கா மருந்து வச்சுக் கட்டி, விரலை மடக்கி நீட்ட சொல்லிக் கொடுத்து, கடைசியில தன் டிராயர்லேர்ந்து ஒரு தடிச்ச துணி எடுத்துக் கொடுத்தா, பாத்திரம் இறக்கறதுக்கு. நம்ம வீட்டுப் பிடிதுணிதான், நாலு மடிப்பு வச்சுத் தச்சது. "என் பழைய பெட்ஷீட்ட வெட்டி ராத்திரி தைக்கிறேன், பத்தவே மாட்டேங்கு"ன்னா.

நாள் 4, சனி. சர்ச்

இங்க வார லீவு சனிக்கிழமை, அதனால சபை கூடறதும் சனிக்கிழமைதான். ஞாயித்துக்கிழமை எல்லாரும் வேலைக்குப் போறாங்க. தகரக் கூரை, தரையில பாய், ஆம்பளைங்க ஒரு பக்கம் பொம்பளைங்க ஒரு பக்கம், செருப்பெல்லாம் வாசல்ல. அந்த செருப்புக் குவியல்ல பாதி கருப்பு ரப்பர் செருப்பு, பின்னால வார் வச்சது, ஆஸ்பத்திரியிலயே அளவெடுத்து செய்யறது. "ஜெய் மசீ"ன்னு கை கூப்பறாங்க.

மத்தியானம் அத்தான்கிட்ட செயலாளர் ஐயா கேட்ட எண்ணிக்கையைப் பத்தி சொன்னேன். அத்தான் கோபப்படல. பொறுமையா விளக்கினாங்க. இந்த நாடு 1951 வரைக்கும் வெளியாளுக்குக் கதவையே திறக்கல. 1952ல ரெண்டு பொம்பளைங்க, லில்லி ஓ'ஹான்லன்னு ஒரு டாக்டரும் ஹில்டா ஸ்டீலும், சின்ன குழுவோட இந்தியா எல்லையிலேர்ந்து மலை ஏறி நடந்தே போக்ரா போனாங்க. அலுமினியத் தகட்டுல குடிசை போட்டு வைத்தியம் பாத்தாங்க, அது வெயில்ல பளபளன்னு மின்னினதால ஜனங்க அதையே பேராக்கி ஷைனிங் ஹாஸ்பிட்டல்னு கூப்பிட்டாங்க. 1954ல யுனைட்டட் மிஷன் டு நேபாள் வந்துச்சு. அப்பலேர்ந்தே அரசாங்கத்தோட ஒப்பந்தம்: வைத்தியம் பாருங்க, பள்ளிக்கூடம் நடத்துங்க, மதம் மாத்தாதீங்க. இப்போ 2018லேர்ந்து அமல்ல இருக்கிற குற்றவியல் சட்டப்படி மதம் மாத்தினா அஞ்சு வருசம் வரைக்கும் ஜெயில், அம்பதாயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம், வெளிநாட்டுக்காரன்னா தண்டனை முடிஞ்சதும் நாடு கடத்திருவாங்க.

"சட்டத்துக்குப் பயந்து மட்டும் இல்லம்மா. வாக்கு கொடுத்துட்டு உள்ள வந்திருக்கோம். புண்ணோட படுத்திருக்கிறவங்ககிட்ட போய் பேரம் பேசற மாதிரி ஆயிரக்கூடாது. யாராவது நீ ஏன் இதைச் செய்யறன்னு கேட்டா உண்மையைச் சொல்லுவேன். அவ்ளோதான்." அத்தான் கூட வேலை பாக்கிற டாக்டருங்க, நர்சுங்க நிறைய பேர் இந்து, சில பேர் முஸ்லிம். செருப்பு செய்யற அண்ணன் இங்கேயே நோயாளியா வந்து குணமாகி வேலை கத்துக்கிட்டவர்.

செயலாளர் ஐயாவுக்கு என்ன எழுதறதுன்னு தெரியல, போனை எடுத்து எடுத்து வச்சேன்.

நாள் 5, ஞாயிறு. வீடு

வெறும் வீட்டு விசேசம்தான். காலையில கை பம்புத் தண்ணி, பனிக்காலத்துல வெதுவெதுன்னு வருது, குளிக்க சுகமா இருக்கு. கரண்ட் மூணு தடவை போச்சு. இட்லி மாவு ரெண்டு நாளாப் பொங்கவே இல்ல, அக்கா மாவுச் சட்டியை கம்பளிக்குள்ள சுத்தி பிள்ளைங்க கட்டில்ல வச்சிருந்தா, இன்னைக்கு ஒருவழியா பொங்கிச்சு, சின்னவன் எட்டு இட்லி தின்னான். அவனுக்கு ஆறு வயசு, கனவுல நேபாளியில பேசறான். தமிழ் எழுத்து அக்காதான் ராத்திரி சொல்லிக் கொடுக்கா, "ழ" மட்டும் வரமாட்டேங்குது. பெரியவ வீட்டுலயே படிக்கிறா, அடுத்த வருசம் எங்கயாவது ஹாஸ்டல்ல விடணும், அதைப் பத்தி பேச்செடுத்தாலே அக்கா எந்திரிச்சு அடுப்பங்கரைக்குப் போயிருதா.

ராத்திரி ரெண்டு பேரும் ஒரே ரஜாய்க்குள்ள படுத்திருந்தோம், சின்ன வயசுல மாதிரி. அப்பா போனது 2021 மே மாசம். அப்போ நேபாளத்துல ஃப்ளைட்ட பெரும்பாலும் நிறுத்தியிருந்தாங்க, அக்கா வர முடியல, நான்தான் கல்லறைத் தோட்டத்துல போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், பாதியில சிக்னல் போயிருச்சு. இத்தனை வருசமா அதைப் பத்தி நாங்க பேசினதே இல்ல. "மண்ணு போடறதுக்கு முன்னாடியா கட் ஆச்சு, பெறகா?"ன்னு கேட்டா. முன்னாடின்னு சொன்னேன். "அன்னைக்கு மத்தியானம் டூட்டிக்குப் போயிட்டேன்ட்டி. வீட்டுல இருக்க முடியல. ஒரு தாத்தா கால தேச்சுக்கிட்டே இருந்தேன், அவரு போதும்மா போதும்மாங்காரு, நான் விடவே இல்ல." அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல.

நாள் 6, திங்கள். 14 பேர், 27 கால்

அக்கா கூட ஒரு கிராமத்துக்குப் போனேன், மோட்டார் சைக்கிள்ல ஒரு மணி நேரம், கடுகுப் பூ வயல் நடுவுல, பனியில மஞ்சள் மட்டும் மங்கலா தெரியுது. மண் சுவர் வீடுங்க, சுவத்துல வெள்ளை மாவால மயிலு, மீனு, யானை எல்லாம் பொம்பளைங்க கையாலயே வரைஞ்சிருக்காங்க.

ஒரு வேப்ப மரத்தடியில கூட்டம். சுய பராமரிப்புக் குழு, வாரம் ஒரு நாள் கூடுவாங்க. 14 பேர். ஒருத்தர் கால ஒருத்தர் பாத்து சொல்லணும், அதுதான் வழக்கம், ஏன்னா தன் பாதத்தோட அடிப்பக்கம் தனக்குத் தெரியாது, உணர்ச்சியும் இல்ல. ஒரு பெரியவருக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழ எடுத்தாச்சு, அதனால 27 கால். கடுகெண்ணெய் வாசம். இதே குழு மாசாமாசம் காசு சேக்குது, ஆட்டுக்கு கடன் கொடுக்குது. இப்போ நோயே வராத பக்கத்து வீட்டுக்காரங்களும் கடன் கேட்டு இதுல சேர்றாங்க. ஒரு காலத்துல இவங்களை "கோரி"ன்னு, அதாவது குஷ்டரோகின்னு, திட்டி குழாயடிக்கே விடாதவங்க, இப்போ இவங்ககிட்ட கையெழுத்து வாங்க நிக்கிறாங்கன்னு குழுத் தலைவியம்மா சொன்னாங்க, சொல்லும்போது முதுகு நிமிந்துச்சு.

அதுக்கப்புறம் நடந்ததை எப்படி எழுதறதுன்னு யோசிச்சேன். போன மாசம் புதுசா நோய் கண்டுபிடிச்ச ஒருத்தர் வீட்டுல எல்லாரையும் பரிசோதிக்கணும். ஏழு வயசுப் பொண்ணு ஒருத்தி, ரெட்டைச் சடை. மேல் கையில வெளிறின தேமல் ஒண்ணு, எட்டணா அளவு. அக்கா பஞ்சைத் திரிச்சு நுனியை நூல் மாதிரி ஆக்கினா. கண்ணை மூடிக்கோ, நான் தொடற இடத்தை விரலால காட்டுன்னு விளையாட்டு மாதிரி. கன்னத்துல தொட்டா, காட்டினா. கழுத்துல, சிரிச்சுக்கிட்டே காட்டினா. உள்ளங்கையில, கூச்சத்துல கையை மூடிக்கிட்டா. தேமல் மேல தொட்டா. பிள்ளை கண்ணை மூடிக்கிட்டு, இன்னும் தொடலைன்னு நினைச்சு, சிரிச்ச முகத்தோட காத்துக்கிட்டே இருக்கு. அக்கா மறுபடியும் தொட்டா. காத்துக்கிட்டே இருக்கு. அவ அம்மா இதைப் பாத்துட்டு முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டாங்க.

அக்கா உடனே அந்த அம்மாகிட்ட திரும்பி உக்காந்து, ரொம்ப நேரம் பேசினா. எனக்குப் புரிஞ்சது "டிக் ஹுன்ச" மட்டும்தான், சரியாயிரும். ஒரே ஒரு தேமல், ஆறு மாச மாத்திரை, கை கால் ஒண்ணும் ஆகாது, பள்ளிக்கூடம் போகலாம், எல்லாரோடயும் ஒண்ணா சாப்பிடலாம். அதை குழுத் தலைவியம்மாவே வந்து தன் மடங்கின விரலைக் காட்டி சொன்னாங்க: எனக்கு யாரும் ஏழு வயசுல பஞ்சால தொட்டுப் பாக்கல. மத்த வீட்டாளுங்களுக்கு ரிஃபாம்பிசின்ங்கிற மருந்து ஒரே ஒரு வேளை கொடுக்கலாம், நோய் வர்ற வாய்ப்பைக் குறைக்கும். மூத்திரம் சிவப்பா போகும், பயப்படாதீங்கன்னு அக்கா மூணு தடவை சொன்னா.

திரும்பி வர்றப்போ வண்டியில அக்கா ஒண்ணும் பேசல, நானும் அவ முதுகுல தலையை சாச்சுக்கிட்டேன்.

நாள் 7, செவ்வாய். செருப்பு நிக்கணும்

பிசியோ ரூம்ல ஒரு விவசாயி. அவருக்கு கால் நரம்பு போய் பாதம் தொங்கிப் போச்சு, நடந்தா முட்டியை உசத்தி உசத்தி வைக்கணும், செருப்பு கழண்டு கழண்டு விழும். ஆபரேசனுக்கு முன்னாடி உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டதுக்கு, "செருப்பு கால்ல நிக்கணும்"னாராம். பாதத்தை உள்பக்கமா திருப்பற தசையோட நரம்பு நல்லா இருக்கும், அத்தான் அந்தத் தசைநாரை எடுத்து பாதத்து மேல கொண்டுபோய் தச்சிருக்காங்க. நாலு வாரத்துக்கு மேல மாவுக்கட்டு. இப்போ அந்தத் தசைக்கு புது வேலை சொல்லிக் கொடுக்கணும். அக்கா "உள்ள திருப்புங்க"ங்கறா, பாதம் மேல எழும்புது. அவருக்கே நம்ப முடியல. மறுபடியும் உள்ள திருப்பறதா நினைக்கறாரு, மறுபடியும் எழும்புது. இந்த மாதிரி தசைநார் மாத்தற ஆபரேசனை தொழுநோய்க்காரங்களுக்கு முதல்ல செஞ்சது வேலூர்ல, பால் பிராண்ட் டாக்டர், 1940கள் கடைசியில. அவர் பொறந்ததே நம்ம கொல்லிமலையில, 1914ல, மிஷனரி வீட்டுப் பிள்ளை. அங்க மலைப்பிள்ளைங்களோட ஓடி விளையாடி வளந்து, ஒன்பது வயசுல படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பிட்டாங்க. இதை அத்தான் சொன்னப்போ அக்கா பெரியவளையே பாத்துக்கிட்டு இருந்தா.

நாள் 8, புதன். ஜனக்பூர்

பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஜனக்பூர் போய் வந்தோம். சீதை பொறந்த ஊர்னு சொல்ற இடம், ஜானகி கோயில் வெள்ளை வெளேர்னு அரண்மனை மாதிரி இருக்கு, சாயங்காலப் பனியில இன்னும் அழகு. பீகார்ல இருக்கிற ஜெய்நகர்லேர்ந்து ரயில் வருது. நல்ல மீன் குழம்பு, கடுகு அரைச்சு விட்டது, மூக்குல ஏறுச்சு. சின்னவன் வளையல் கடையில அவன் ஆச்சிக்கு ஒரு வளையல் வாங்கிக் கொடுத்து விட்டான், அம்மா கைக்கு பத்தாது, ஆனாலும் பத்திரமா வச்சிருக்கேன்.

நாள் 9, வியாழன். திரும்பல்

காலையில கிளம்பறதுக்கு முன்னாடி வராண்டாவுக்கு ஒரு தடவை போனேன். அந்த அம்மா கட்டு மாத்த வந்திருந்தாங்க. முந்தானைக்குள்ள இன்னைக்கு கை இல்ல, வெளிய மடியில இருந்துச்சு, பிடிதுணி இடுப்புல சொருகியிருந்துச்சு. டீ வந்தப்போ அதை உருவி டம்ளரைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டாங்க. பக்கத்துல இருந்த ரெண்டு பேர் வெறும் கையால பிடிச்சாங்க. அக்கா ஓடிப் போய் ஒருத்தர் டம்ளரை வாங்கி கீழ வச்சா.

சிந்துலி மேட்டுல சிக்னல் கிடைச்சுது. செயலாளர் ஐயா மெசேஜ் போட்டிருந்தாங்க: "எண்ணிக்கை கிடைச்சுதாம்மா?" நான் இப்படி அனுப்பினேன்: "ஐயா, பிடிதுணி 200 வேணும். பழைய காட்டன், நாலு மடிப்பு, ஒரு ஜாண் சதுரம், ஓரத்துல இடுப்புல சொருக ஒரு காது வச்சுத் தைக்கணும். நைலான் கலந்தது வேண்டாம், உருகி விரல்ல ஒட்டிக்கிடும். மத்ததை நேர்ல சொல்றேன்."

ரொம்ப நேரம் பதில் இல்ல. ஆத்துல ஜீப் இறங்கி ஏறி, பனேபா தாண்டினப்புறம் வந்துச்சு: "பெண்கள் ஐக்கிய சங்கத்துல சொல்லிட்டேன். நாளைக்கே வெட்ட ஆரம்பிக்காங்க. ஒரு ஜாண்னா யார் ஜாண்மா, அளவு இஞ்சுல அனுப்பு."

அக்காவுக்கு போன் போட்டு கேட்டேன். ஒன்பது இஞ்சு.